ஆற்றிலும் கழிவுநீரிலும் மருந்து எதிர்ப்பைக் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆற்று நீரை வடிகட்டி, ஆன்டிபயாடிக் கலந்த தட்டில் வைத்து, மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்து பார்க்கிறீர்கள். 36 நீலப்பச்சைப் புள்ளிகள். மருந்தைத் தாங்கிக்கொண்டு வளர்ந்து நிற்கும், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் காலனிகள். சரி, 36 என்பது அதிகமா, குறைவா?

அந்தத் தட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. எத்தனை மி.லி. நீரிலிருந்து வந்தது? அதே நீரில் மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை எத்தனை? கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே இதே எண் என்ன? நேற்று மழை பெய்ததா? இவை தெரிந்தால்தான் 36 என்பது தகவல். தெரியாவிட்டால் அது வெறும் எண். சுற்றுச்சூழலில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் வேலையில் முக்கால் பங்கு, இந்த எண்ணுக்கு ஒரு துணை எண்ணைத் தேடும் வேலைதான். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கொஞ்சமாவது கை பழகியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். முதுநிலை மாணவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், குடிநீர் அல்லது கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள். விலை உயர்ந்த கருவி இல்லாமலே முதல் ஏழு படிகளை முடிக்கலாம்.

தொடங்கும் முன்: ‘இருக்கிறது’ என்பது செய்தி அல்ல

எதிர்ப்பு மரபணுக்கள் மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்கு முன்பே இருந்தவை. 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த நிலத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவில் பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின், வேன்கோமைசின் ஆகியவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் இருப்பதை 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களே பல ஆன்டிபயாடிக்குகளைச் சுரப்பவை. பக்கத்தில் குடியிருப்பவை அதற்குக் கவசம் போட்டுக்கொண்டன. ஆகவே எந்தக் குளத்தில் தேடினாலும் ஏதோ ஒரு எதிர்ப்பு மரபணு கிடைக்கும். “எங்கள் ஏரியில் எதிர்ப்பு மரபணு கண்டுபிடிப்பு” என்ற தலைப்பைப் பார்க்கும்போது எனக்குக் கொட்டாவி வருவது அதனால்தான். இயல்பாக இருப்பதைவிட எவ்வளவு கூடுதல், அதைக் கொண்டுவந்து சேர்த்தது எது என்பதே கேள்வி.

ஒப்பிட்டுப் பார்த்ததால் நிலைத்து நின்ற ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 2011-ல் வெளியான டெல்லி நீர் ஆய்வில், தெருக்களில் தேங்கியும் கசிந்தும் கிடந்த 171 நீர் மாதிரிகளில் 51-லும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-லும் என்டிஎம்-1 மரபணு கிடைத்தது. கார்பபெனெம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் நொதியின் மரபணு அது. அதே ஆய்வாளர்கள் பிரிட்டனின் கார்டிஃப் நகரக் கழிவுநீரிலிருந்து 70 மாதிரிகளையும் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. அந்த 70 ‘இல்லை’கள்தான் மற்ற எண்களுக்கு எடை கொடுத்தன.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய மதிப்பீடு ஒன்று சொல்கிறது. இதில் ஆறும் சாக்கடையும் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதை அறிய நீண்டகாலத் தரவு வேண்டும். அதைத் திரட்டுவதுதான் நம் வேலை.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“ஆற்றில் மருந்து எதிர்ப்பை ஆராய்வது” என்பது கேள்வி அல்ல, ஆசை. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: “சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவு கலந்த பிறகு, ஆற்றில் ஈஎஸ்பிஎல் (சில முக்கிய ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும் நொதிகள்) உள்ள ஈ.கோலையின் விகிதம் கூடுகிறதா?” அல்லது “மருத்துவமனைக் கழிவுநீரில் கார்பபெனெம் எதிர்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் மாதிரி எடுக்கும் இடம் வேறு, எண்ணிக்கை வேறு, ஆண்டுக்கணக்கும் வேறு. முதல் கேள்விக்கு இரண்டு இடங்களில் திரும்பத் திரும்ப எடுத்தால் ஓராண்டில் பதில் தெரியும். இரண்டாவதற்கு மூன்று நான்கு ஆண்டுப் பொறுமை வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு: ஒரு ஊர் மக்களின் குடலில் என்ன எதிர்ப்பு சுற்றுகிறது என்று அறிய, சுத்திகரிக்காத கழிவுநீரைப் பார்ப்பது. 60 நாடுகளின் 79 இடங்களிலிருந்து கழிவுநீரைத் திரட்டி 2019-ல் வெளியான ஆய்வு அந்த வகை. அங்கே கழிவுநீர் என்பது ஊரே சேர்ந்து கொடுத்த மாதிரி. ஆறு சுத்தமா அசுத்தமா என்ற பேச்சே இல்லை.

வாக்கியத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது “அப்படியே மீன் குளத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே” என்று கேட்கும்போது கைகொடுக்கும்.

படி 2: எதை அளப்பது?

மூன்று வழிகள் உள்ளன. உயிரோடு இருக்கும் எதிர்ப்பு பாக்டீரியாவை வளர்த்து எண்ணலாம். நீரிலுள்ள மொத்த டிஎன்ஏவைப் பிரித்து எதிர்ப்பு மரபணுக்களின் பிரதிகளை எண்ணலாம். எதிர்ப்பைத் தூண்டக்கூடிய மருந்து எச்சத்தின் செறிவை அளக்கலாம்.

ஒன்றுதான் முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் ஈஎஸ்பிஎல் ஈ.கோலையை. ஈஎஸ்பிஎல் என்பது செஃபோடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களை உடைக்கும் நொதிகளின் குழுப்பெயர். ஈ.கோலை மனிதர், கோழி, மாடு, ஆறு என எல்லா இடத்திலும் கிடைக்கும், வளர்ப்பது எளிது, மலக்கலப்பின் அடையாளமாக நீர் ஆய்வகங்கள் பல்லாண்டுகளாக எண்ணிவரும் உயிரி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ‘ட்ரைசைக்கிள்’ நெறிமுறை மூன்று சக்கரங்களில் ஓடுகிறது: மனிதர், உணவுச் சங்கிலி, சுற்றுச்சூழல். மூன்றிலும் தேடுவது இந்த ஒரே உயிரியைத்தான். எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்திருந்தால்தான் ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும். புதுமையாகச் செய்ய வேண்டும் என்ற துடிப்பை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இடமும் நேரமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆற்றுக்குப் பொருந்தாது. கரையோரம் ஒரு நீர், நடுவில் ஒரு நீர். காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று.

ஆற்றுக்குக் குறைந்தது இரண்டு இடங்கள்: கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே உள்ள இடத்தைக் கழிவுக் குழாயின் வாயிலேயே வைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அங்கே கழிவு ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு ஓடும். இரு கரைகளிலும் நடுவிலும் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகும் இடத்தில்தான் கழிவும் ஆறும் நன்றாகக் கலந்திருக்கும். கையடக்க மீட்டர் ஒன்றால் அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலை, ஓராண்டுத் தரவைக் காப்பாற்றும். இரண்டு இடங்களுக்கும் நடுவில் வேறு ஓடையோ குழாயோ வந்து சேர்கிறதா என்று நடந்தே பார்த்துவிடுங்கள். வரைபடத்தில் இல்லாத குழாய்கள் தரையில் நிறைய உண்டு.

கழிவுநீர் நிலையம் என்றால் உள்ளே வரும் நீர், வெளியே போகும் நீர் இரண்டும் தேவை. முடிந்தால் 24 மணி நேரக் கூட்டு மாதிரி எடுங்கள்; குறிப்பிட்ட இடைவெளியில் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்ப்பது. முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மணி நேரத்தில் எடுங்கள். காலை 9 மணிக்கு உள்ளே நுழையும் நீர் அப்போதே வெளியே வருவதில்லை. நிலையத்துக்குள் பல மணி நேரம் தங்கும். அந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் இரண்டையும் கழித்துப் பார்ப்பது வேறு வேறு நீரைக் கழிப்பதாகும்.

எத்தனை முறை என்றால், மாதம் ஒருமுறை என்று தொடங்குங்கள். வறண்ட காலமும் மழைக்காலமும் இரண்டும் அடங்க வேண்டும். ஒரே நாளில் ஒரே இடத்தில் பத்துப் புட்டி நிரப்பினால் அது பத்து மாதிரி ஆகிவிடாது. ஒரு நாளைப் பத்து முறை பார்த்ததாகத்தான் அர்த்தம். பத்து வெவ்வேறு நாட்களில் பத்துப் புட்டி எடுப்பதே நாம் தேடும் எண்ணிக்கை.

படி 4: புட்டியும் பனிக்கட்டியும்

500 மி.லி. அல்லது 1 லிட்டர் நுண்ணுயிர் நீக்கிய புட்டி. குளோரின் சேர்த்த நீராக இருக்க வாய்ப்பிருந்தால் புட்டிக்குள் முன்கூட்டியே சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 100 மி.கி. போதும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆரம்ப காலத்தில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்ற நீரில் இரண்டு முறை தொடர்ந்து ஒரு காலனிகூட வரவில்லை. நிலையம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்து குறிப்பும் எழுதிவிட்டேன். மூன்றாம் முறை உடன் வந்த ஆய்வக உதவியாளர் “தயோ போட்டீங்களா சார்?” என்று கேட்டார். போடவில்லை. புட்டியில் மிச்சமிருந்த குளோரின், ஆய்வகம் வந்து சேரும்வரை உள்ளே இருந்ததையெல்லாம் கொன்றுகொண்டே வந்திருக்கிறது. தயோசல்ஃபேட் போட்ட புட்டியில் காலனிகள் வரிசை கட்டி நின்றன.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நீரோட்டத்தை எதிர்நோக்கி நில்லுங்கள். உங்கள் கால் கிளப்பும் சேறு பின்னால் போகட்டும். புட்டியைத் தலைகீழாக மேற்பரப்புக்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, அங்கே வாயை நீரோட்டத்தின் பக்கம் திருப்பி நிரப்புங்கள். மிதக்கும் படலமும் அடிச்சேறும் உள்ளே வராது. குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். தயோசல்ஃபேட் போட்ட புட்டியை இப்படி மூழ்கடித்தால் தயோசல்ஃபேட் நீரோடு போய்விடும். அதற்கு வேறொரு சுத்தமான பாத்திரத்தில் மொண்டு ஊற்ற வேண்டும். மேலே உள்ள இடத்தில் முதலில் எடுத்து, அப்புறம் கீழே வாருங்கள். அழுக்கு நீரைத் தொட்ட கையோடு சுத்தமான இடத்துக்குப் போகாதீர்கள்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வெற்று மாதிரி கட்டாயம். நுண்ணுயிர் நீக்கிய நீரை எடுத்துப்போய், ஆற்றங்கரையில் திறந்து வேறு புட்டிக்கு மாற்றி, மற்றவற்றோடு திரும்பக் கொண்டுவந்து அதே சோதனைக்கு உட்படுத்துங்கள். அதில் காலனி வந்தால் அன்றைய எண்களை நம்ப முடியாது.

புட்டிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில், இருட்டில், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்துக் கொண்டுவாருங்கள். உறையவிடக் கூடாது. 6 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குவது நல்லது. எப்படிப் போனாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

அங்கேயே நின்று குறிக்க வேண்டியவை: நேரம், இட ஆயங்கள், நீரின் வெப்பநிலை, பிஎச், மின்கடத்துதிறன், கலங்கல், கடந்த மூன்று நாள் மழை, நீரோட்ட அளவு. கடைசி இரண்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பின்னால் விளக்கம் தேடித் தவிக்கும்போது கேட்கப்போவதும் அந்த இரண்டைத்தான்.

படி 5: இரண்டு தட்டு, ஒரே நீர்

இதுதான் முழு முறையின் இதயம். ஒரே மாதிரியை இரண்டு வகைத் தட்டுகளில் வையுங்கள். ஒன்று சாதாரண டிபிஎக்ஸ் அகர் (ஈ.கோலையை நிறத்தால் காட்டும் வளர்ப்பு ஊடகம்), இதில் ஈ.கோலை அனைத்தும் வளரும். மற்றது அதே அகர், லிட்டருக்கு 4 மி.கி. செஃபோடாக்சிம் சேர்த்தது, இதில் எதிர்ப்பு உள்ளவை மட்டும் வளரும். ஈ.கோலையின் குளுக்குரோனிடேஸ் நொதி அகரில் உள்ள நிறமூட்டியை உடைப்பதால் காலனி நீலப்பச்சையாகத் தெரியும்.

செஃபோடாக்சிம் சூட்டில் கெட்டுப்போகும். ஆட்டோகிளேவ் செய்த அகர் 50 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகே சேருங்கள். கை பொறுக்கும் சூடு என்பது பழைய கணக்கு. ஊற்றிய தட்டுகளை இருட்டில், குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் பழைய தட்டைப் பயன்படுத்தினால் மருந்து பலமிழந்து போயிருக்கும். எதிர்ப்பு ‘கூடியதாக’ ஒரு மாயத்தோற்றம் கிடைக்கும்.

ஒவ்வொரு தொகுதித் தட்டிலும் தெரிந்த இரண்டு உயிரிகளை வைத்துச் சோதியுங்கள்: மருந்துக்கு அடங்கும் ஏடிசிசி 25922 என்ற தரநிலை ஈ.கோலை மருந்துத் தட்டில் வளரக் கூடாது; ஈஎஸ்பிஎல் உள்ள ஒரு ஈ.கோலை வளர வேண்டும். இந்த இரண்டும் சரியாக இல்லாத நாளில் எண்ணிக்கையைக் குறிக்க வேண்டாம்.

0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வில் வடிகட்டுங்கள். எவ்வளவு நீர் என்பதுதான் கைப்பக்குவம். சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மி.லி.க்கு ஈ.கோலை பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை இருப்பது சாதாரணம். 10,000 மடங்கு வரை நீர்த்துப்போகச் செய்யாவிட்டால் தட்டு முழுக்க எண்ண முடியாத ஒரே படலமாகிவிடும். சுத்தமான ஆற்றின் மேல்பகுதிக்கு நேரடியாக 100 மி.லி. வடிகட்ட வேண்டியிருக்கும். மருந்துத் தட்டுக்கு, சாதாரணத் தட்டைவிடப் பத்து அல்லது நூறு மடங்கு அதிக நீர் தேவை. முதல் முறை மூன்று நான்கு நீர்த்தல்களை முயன்று பாருங்கள். சவ்வில் 20 முதல் 80 காலனி வரும் அளவே நம்பகமானது.

சவ்வை எடுக்கும்போது இடுக்கியை ஆல்கஹாலில் நனைத்துச் சுடரில் காட்டி, ஆறவிட்டுப் பிடியுங்கள். அகர் மேல் ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உருட்டி இறக்குங்கள். அடியில் காற்றுக் குமிழி சிக்கினால் அந்த இடத்தில் ஊட்டம் ஏறாது; வட்டமாக ஒரு வெற்றிடம் தெரியும். உடனே தூக்கி மறுபடி இறக்கினால் சரியாகிவிடும்.

வளர்க்கும் வெப்பநிலை நெறிமுறைக்கு நெறிமுறை மாறுகிறது. 35–37 டிகிரியும் உண்டு, 44 டிகிரியும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் மாற்றாதீர்கள். இரண்டு வகைத் தட்டுகளும் ஒரே இன்குபேட்டரில், ஒரே நேரம், 18 முதல் 24 மணி வரை.

படி 6: கணக்கு

விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை. கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே 5 மி.லி. வடிகட்டியதில் சாதாரணத் தட்டில் 40 காலனி, 100 மி.லி.க்கு 800. மருந்துத் தட்டில் 100 மி.லி. வடிகட்டியதில் 24. விகிதம் 24-ஐ 800-ஆல் வகுத்தால் 3 சதவீதம்.

கீழே, 0.1 மி.லி.க்குச் சமமான நீரில் 48 காலனி, 100 மி.லி.க்கு 48,000. மருந்துத் தட்டில் 1 மி.லி.யில் 36 காலனி, 100 மி.லி.க்கு 3,600. விகிதம் 7.5 சதவீதம்.

முதலில் பார்த்த 36 இப்போது பேசத் தொடங்குகிறது. எதிர்ப்பு ஈ.கோலை 150 மடங்கு கூடியிருக்கிறது என்று தலைப்புப் போடத் தோன்றும். ஆனால் மொத்த ஈ.கோலையே 60 மடங்கு கூடியிருக்கிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி, மலக்கழிவு வந்து சேர்ந்ததன் விளைவு. எதிர்ப்பின் பங்கு கூடியது இரண்டரை மடங்குதான். இரண்டும் உண்மை; இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். ஆற்றில் குளிப்பவருக்கு எவ்வளவு ஆபத்து என்று கேட்டால் 3,600 முக்கியம். வந்து சேரும் கழிவின் தன்மை என்ன என்று கேட்டால் 7.5 சதவீதம் முக்கியம். ஒன்றை மட்டும் வெளியிட்டு மற்றதை மறைக்காதீர்கள்.

மூன்றாவதாக ஒரு எண்ணும் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். போட்டதை அளக்கவும் ஆற்றின் ஓட்டம் தெரிய வேண்டும். நொடிக்கு 2 கன மீட்டர் நீர் ஓடுகிறது என்றால், மேற்சொன்ன 3,600 என்பது ஒரு கன மீட்டருக்கு 3.6 கோடி, நொடிக்கு 7.2 கோடி எதிர்ப்பு ஈ.கோலை அந்த இடத்தைக் கடக்கிறது. மழைக்காலத்தில் செறிவு பாதியாகக் குறைந்து, ஓட்டம் ஐந்து மடங்கானால், சுமை இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. செறிவை மட்டும் பார்ப்பவர் நிலைமை மேம்பட்டதாக எழுதுவார்.

சுத்திகரிப்பு நிலையங்களின் கதையும் இப்படித்தான். உள்ளே 10 லட்சம், வெளியே 10,000 என்றால் 99 சதவீதம் நீங்கிவிட்டது. ஆனால் உள்ளே 5 சதவீதமாக இருந்த எதிர்ப்பு விகிதம் வெளியே 8 ஆக ஏறியிருக்கலாம். இதற்காக நிலையத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அது இல்லாவிட்டால் நூறு மடங்கு பாக்டீரியா ஆற்றுக்குப் போயிருக்கும்.

ஒப்பிடும்போது எண்களின் மடக்கை மதிப்பை எடுத்துப் பாருங்கள். பாக்டீரியா எண்ணிக்கை பத்து பத்தாகத் தாவும். சாதாரணச் சராசரியில் ஒரே ஒரு மோசமான நாள் ஓராண்டையும் விழுங்கிவிடும். காலனி எதுவும் வராத நாளில் பூஜ்யம் என்று எழுதாமல் “100 மி.லி.யில் 1-க்கும் குறைவு” என்று கண்டறியும் எல்லையோடு எழுதுங்கள்.

படி 7: பிடித்தது சரியான ஆளைத்தானா?

மருந்துத் தட்டில் நீலப்பச்சையாக இருப்பதெல்லாம் ஈஎஸ்பிஎல் அல்ல. தட்டுக்கு ஐந்து காலனிகளைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு அழகான, தனித்து நிற்கும் பெரிய காலனியை நோக்கியே கை போகும். அதைத் தடுக்கத் தட்டின் அடியில் பேனாவால் ஒரு கோடு கிழித்து, கோட்டைத் தொடும் முதல் ஐந்தை எடுங்கள்.

தூய்மைப்படுத்திய பின் இண்டோல் சோதனை செய்து ஈ.கோலை என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு முல்லர்–ஹின்டன் அகரில் வட்டுச் சோதனை: செஃபோடாக்சிம் வட்டு ஒன்று, ஈஎஸ்பிஎல் நொதியைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்த்த செஃபோடாக்சிம் வட்டு ஒன்று, செஃப்டாசிடிமுக்கும் அதே போல் ஒரு ஜோடி. அமிலம் சேர்த்த வட்டைச் சுற்றியுள்ள வெற்று வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் அது ஈஎஸ்பிஎல். ஐந்தில் நான்கு உறுதியானால், உங்கள் 3,600-ஐ 2,880 என்று திருத்துங்கள்.

தட்டுகளைக் கழுவிக் குப்பையில் போடாதீர்கள். எதிர்ப்பு பாக்டீரியாவை நாமே பெருக்கி வைத்திருக்கிறோம். 121 டிகிரி ஆட்டோகிளேவில் போன பிறகே வெளியே போக வேண்டும்.

படி 8: மரபணுவை எண்ணுவது

வளராத பாக்டீரியாவே சுற்றுச்சூழலில் அதிகம். அவை சுமக்கும் எதிர்ப்பைக் காண டிஎன்ஏவுக்குப் போக வேண்டும். 0.22 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, டிஎன்ஏ பிரித்து, குறிப்பிட்ட மரபணுவைப் பெருக்கி எண்ணும் க்யூபிசிஆர் ஓட்டுங்கள்.

எந்த மரபணு? நூறு மரபணு பார்க்க முடிந்தாலும் ஐந்தாறு போதும். சல்ஃபா மருந்துக்கான சல்1, டெட்ராசைக்ளினுக்கு ஒன்று, ஈஎஸ்பிஎல் நொதிக்கான சிடிஎக்ஸ்-எம், கார்பபெனெமுக்கு என்டிஎம் அல்லது கேபிசி, இவற்றோடு முதல் வகை இன்டெக்ரானின் இன்ட்-ஐ1. கடைசியாகச் சொன்னது தானே எதிர்ப்பு மரபணு அல்ல. எதிர்ப்பு மரபணுக்களைக் கோத்து ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டின் பகுதி. மனிதக் கழிவும் தொழிற்கழிவும் சேரும் இடங்களில் மிகுதியாக இருப்பதால், மாசின் அடையாளமாக 2015-ல் முன்மொழியப்பட்டது.

இங்கேயும் துணை எண் தேவை. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் மரபணுவின் எண்ணிக்கையால் வகுத்து விகிதமாகச் சொல்லுங்கள். இதிலும் ஒரு கோணல் உண்டு: 16எஸ் ஒரு செல்லுக்கு ஒன்று அல்ல, ஈ.கோலையில் 7 பிரதிகள் உள்ளன, சில பாக்டீரியாவில் ஒன்றே ஒன்று. ஆகவே இது செல் கணக்கு ஆகாது. ஒப்பீட்டுக்கு மட்டும் உதவும்.

ஆற்று டிஎன்ஏவில் ஹியூமிக் அமிலம் கலந்து வந்து பிசிஆரை மந்தமாக்கும். மரபணு இருந்தும் இல்லாதது போல் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி: அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்து மறுபடி ஓட்டுங்கள். தடை இல்லையென்றால் சமிக்ஞை சுமார் 3.3 சுழற்சி தாமதமாக வர வேண்டும். ஒரு சுழற்சி மட்டுமே தாமதமானால், அல்லது முன்பைவிட விரைவாகவே வந்துவிட்டால், முதல் ஓட்டத்தை எதுவோ தடுத்திருக்கிறது. நீர்த்த ஓட்டத்தின் எண்ணையே பத்தால் பெருக்கி எடுத்துக்கொள்ளுங்கள். அளவீட்டு வளைகோட்டின் செயல்திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்கட்டும். டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கக்கூடும் என்பதால், வெறும் நீரை வைத்து ஒரு பிரிப்பும் கட்டாயம்.

அதோடு கிராஸ்ஃபேஜையும் அளந்துவிடுங்கள். மனிதக் குடல் பாக்டீரியாவில் வாழும் இந்த வைரஸ் 2014-ல்தான் அடையாளம் காணப்பட்டது. மனித மலக்கலப்புக்கு நல்ல சாட்சி. மாசுபட்ட பல இடங்களில் எதிர்ப்பு மரபணு கூடியிருப்பதற்கு மலக்கலப்பே போதுமான விளக்கம் என்று 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று இதை வைத்துத்தான் காட்டியது. உங்கள் ஆற்றில் எதிர்ப்பு மரபணுவும் கிராஸ்ஃபேஜும் கைகோத்து ஏறி இறங்கினால், கழிவு வருவதே காரணம் என்று கொள்ளலாம். மரபணு மட்டும் தனியாக ஏறினால், வேறு ஏதோ அங்கே எதிர்ப்பை வளர்க்கிறது. அப்போதுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முழு டிஎன்ஏவையும் வரிசைப்படுத்தும் மெட்டாஜீனோமிக்ஸ் பற்றிப் பலரும் முதலில் கேட்பார்கள். பரப்பு பெரிது, கூர்மை குறைவு. அரிதான மரபணு தப்பிவிடும். மாதாமாதம் செய்ய வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, எந்த மரபணுக்களைக் க்யூபிசிஆரில் தொடர்வது என்று முடிவு செய்யப் பயன்படுத்துங்கள்.

படி 9: மருந்து எச்சம்

இதற்குத் திரவ நிறப்பகுப்போடு நிறைமானி இணைந்த கருவி வேண்டும். பெரும்பாலும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஒளி புகாத புட்டியில், குளிரில், விரைவாக அனுப்புங்கள். பென்சிலின் வகை மருந்துகள் நீரில் வேகமாகச் சிதையும். ‘கிடைக்கவில்லை’ என்ற முடிவை வைத்து ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் அப்படியல்ல, சேற்றில் ஒட்டிக்கொண்டு நீண்ட நாள் இருக்கும்.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? எதிர்ப்பைத் தூண்டாத அளவு என்று 111 மருந்துகளுக்கான மதிப்பீடுகள் 2016-ல் வெளியாகின. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். ஹைதராபாத் அருகே படான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-ல் பதிவாகியிருக்கிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4.8 லட்சம் மடங்கு. சிகிச்சை எடுப்பவரின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிடவும் அதிகம். மருந்து உற்பத்திக் கழிவுக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில்தான் வெளியிட்டது.

படி 10: எழுதுவதும் பத்திரப்படுத்துவதும்

அறிக்கையில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று எண்கள் போகட்டும்: எதிர்ப்பு ஈ.கோலையின் செறிவு, மொத்தத்தில் அதன் விகிதம், ஆற்றின் சுமை. கூடவே வெற்று மாதிரியின் முடிவு, நிராகரித்த நாட்கள், நிராகரித்த காரணம். “கவலைக்குரிய அளவில் உள்ளது” என்று எழுதத் தோன்றும் இடத்தில் “மேலே 3, கீழே 7.5 சதவீதம், 12 மாதங்களில் 10-ல் இதே திசை” என்பது போல எழுதுங்கள். கவலைப்படுவதா இல்லையா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்வார். ஆற்றில் எதிர்ப்பு கூடியதை வைத்து ஊரில் நோய் கூடியது என்று தாவாதீர்கள். அதைச் சொல்ல மருத்துவமனைத் தரவும் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் திருத்திய கழிவுநீர்ச் சட்டம், ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட அளவிலான நகரங்களின் கழிவுநீரில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கச் சொல்கிறது. இப்படிச் சட்டங்கள் வரும்போது பழைய தரவு வைத்திருப்பவருக்கே முன்–பின் ஒப்பிடும் வாய்ப்பு கிடைக்கும்.

கடைசி வேலை, உறுதி செய்த ஒவ்வொரு பாக்டீரியாவையும் 20 சதவீத கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் சேமிப்பது. கொலிஸ்டின் மருந்துக்கு எதிர்ப்பைப் பரப்பும் எம்சிஆர்-1 மரபணுவை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தபோது, பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் பழைய சேமிப்பைத் தோண்டின. பல ஆண்டுகளுக்கு முன் உறையவைத்த குழாய்களிலேயே அது காத்துக்கொண்டிருந்தது. குழாயின் மேல் இடம், தேதி, தட்டு எண் மூன்றையும் எழுதுங்கள். சாதாரண மார்க்கர் மை, ஆல்கஹால் பட்ட கையுறை ஒருமுறை தடவினாலே அழிந்துபோகும். குளிரைத் தாங்கும் அச்சிட்ட லேபிளை ஒட்டி, அதே எண்ணைப் பதிவேட்டிலும் குறித்துவிடுங்கள்.